சைலன்சர் ஜாயின்ட்டில் சிலிகான் ஏன் நிற்பதில்லை

ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக்குக்கு இரண்டு பக்கமும் ஸ்லிப்-ஆன் சைலன்சர் (பழைய குழாயை விட்டுவிட்டு, பின்பகுதியை மட்டும் மாற்றுகிற வகை) மாட்டியிருக்கிற தம்பி ஒருவர் கேட்டது இது. வலது பக்கம் மட்டும் இன்ஜினிலிருந்து வருகிற பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேருகிற இடத்தில் கரி படிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் அங்கே 'தப் தப்' என்று காற்று அடிக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டால் பட்டாசு மாதிரி வெடிக்கிறது. மெக்கானிக் சிவப்பு சிலிகானை அப்பிக் கொடுத்தார், இரண்டு வாரம் தாங்கியது. மறுபடி அப்பினார், பத்து நாள் தாங்கியது. "இதைவிட நல்ல பேஸ்ட் எது அண்ணா?"

ஒரு பேஸ்ட்டின் பெயரைச் சொல்லிவிட்டு நான் போய்விடலாம். அடுத்த மாதம் அதுவும் பிய்ந்து, இதே கேள்வியோடு வருவீர்கள். ஸ்லிப்-ஆன் ஜாயின்ட்டை அடைப்பது ஃபிட்டிங்தான். குழாய்க்குள் குழாய் எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது, நடுவில் ஸ்லீவ் என்கிற வளையம் இருக்கிறதா, கிளாம்ப் எங்கே பிடிக்கிறது என்பதில்தான் எல்லாமே. அதற்குப் பிறகும் மிஞ்சுகிற மயிரிழை இடைவெளியை நிரப்ப மட்டும்தான் பேஸ்ட்.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இன்ஜின் ஹெட்டை விட்டு வெளியே வரும்போது புகையின் வெப்பம் 600–800 டிகிரி. சைலன்சர் வாய்க்கு வருவதற்குள் நன்றாகக் குறைந்துவிடும். ஆனாலும் ஹைவேயில் ஒரு மணி நேரம் ஓட்டினால் ஜாயின்ட் 300-ஐத் தொடுவது சாதாரணம். சிவப்பு சிலிகான் டியூபைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் தொடர்ச்சியாக 260 டிகிரி, இடையிடையே 340 சொச்சம் என்று போட்டிருக்கும். செம்பு நிறச் சிலிகான் இடையிடையே 370 வரை தாங்கும். எல்லையை ஒட்டித்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம். வெப்பத்தைவிடப் பெரிய எதிரி அசைவு. ஒரு மீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் 300 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 5 மி.மீ. நீளும். ஆறினால் அதே அளவு சுருங்கும். ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு தடவை. வெல்டு வைக்காமல் ஸ்லிப் ஜாயின்ட் வைப்பதற்கு இந்த நீட்டலுக்கு இடம் கொடுப்பதும் ஒரு காரணம். அசையவேண்டிய இடத்தில் தடிமனாக ரப்பர் மாதிரி ஒன்றை அப்பினால் அது ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் கிழியும். உங்கள் சிலிகான் போனது இப்படித்தான்.

குறுக்குவாட்டிலும் இதே கதை நடக்கிறது. 50 மி.மீ. குழாய் 300 டிகிரி ஏறினால், சாதா இரும்பாக இருந்தால் விட்டத்தில் 0.18 மி.மீ. பெருக்கும், ஸ்டெயின்லெஸ் என்றால் 0.25. உள்ளே இரும்பு, வெளியே ஸ்டெயின்லெஸ் என்று அமைந்துவிட்டால் சூடேற ஏறச் சந்து கொஞ்சம் அகலும். பழைய வண்டியின் குரோம் பூசிய பெண்ட் பைப்பில் புது ஸ்டெயின்லெஸ் சைலன்சர் மாட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒரே உலோகமாக இருந்தால் சேர்ந்தே பெருக்கும், பிரச்சினை இல்லை.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், இடது பக்கம் சரியாக இருக்கிறது. அதுதான் உங்கள் அளவுகோல். வலதில் அளப்பதையெல்லாம் இடதிலும் அளந்து பாருங்கள். எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கே குறை.

கழற்றுவதற்கு முன்னால் கசிவு ஜாயின்ட்டில்தானா என்று உறுதி செய்யுங்கள். காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். சூடானபின் பல சந்துகள் தற்காலிகமாக மூடிக்கொள்ளும். வண்டியைத் திறந்தவெளியில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஐடிலில் விட்டு, ஒரு ஊதுபத்தியைப் பற்றவைத்து ஜாயின்ட்டைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோங்கள். நேராக மேலே போகிற புகை எங்கே துள்ளுகிறதோ, எங்கே உள்ளே இழுபடுகிறதோ அங்கே ஓட்டை. பெட்ரோல் டேங்கும் ஹோசும் கசியாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நெருப்போடு விளையாடப் பிடிக்காதவர்கள் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவலாம், குமிழி வரும். கசிவு சின்னதாக இருந்தால் கனமான ஈரத்துணியை மடித்து சைலன்சரின் வால் ஓட்டையில் இரண்டு மூன்று நொடி அழுத்துங்கள், உள்ளே அழுத்தம் ஏறிக் குமிழி பொங்கும். அதற்கு மேல் பிடித்தால் இன்ஜின் அணைந்துவிடலாம்.

அப்படியே ஹெட்டிலும் பாருங்கள். அங்கே கேஸ்கெட் ஊதுகிற சத்தம் குழாய் வழியாக வந்து ஜாயின்ட்டில் கேட்கிற மாதிரி ஏமாற்றும்.

இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சைலன்சரின் அடிவயிற்றில் ஊசி பருமனில் ஒரு துளை இருந்து, காலையில் அதிலிருந்து தண்ணீர் சொட்டினால் அது கசிவல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. இன்ஜின் சூடேறும்வரை அது உள்ளே குளிர்ந்து தேங்கும். வெளியேறட்டும் என்றுதான் அந்தத் துளை. "லீக் அடைச்சிட்டேன்" என்று அதில் பசை வைத்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடித்து அடி கழன்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

வெடிப்புச் சத்தத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஆக்சிலரேட்டரை மூடும்போது குழாயில் அழுத்தம் அலை அலையாக ஏறி இறங்கும். இறங்குகிற நேரத்தில் சந்து வழியே வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் மிஞ்சிய பெட்ரோலோடு சேர்ந்து சூடான குழாயில் பற்றிக்கொள்கிறது. அதுதான் 'பட் பட்'. ஆனால் ஸ்டாக் மேப்பை (கம்பெனி வைத்த பெட்ரோல் கணக்கை) மாற்றாமலே, புகையைத் தாராளமாக விடுகிற ஃப்ரீ-ஃப்ளோ சைலன்சர் போட்ட வண்டி, ஜாயின்ட் கல்லு மாதிரி இறுகியிருந்தாலும், கொஞ்சம் வெடிக்கத்தான் செய்யும். கரியும் ஊதுபத்தியும் பொய் சொல்லாது.

சரி, கழற்றுங்கள். கழற்றினதும் துடைக்காதீர்கள். குழாயின் மேல் கரி வரைந்திருக்கிற படத்தைப் பாருங்கள். நல்ல ஜாயின்ட்டில் உள்குழாயின் நுனியில் கொஞ்சம் கரி இருக்கும், அதற்கு மேல் உலோகம் பளிச்சென்று இருக்கும். கசிந்த ஜாயின்ட்டில் ஒரு கறுப்பு ஓடை நுனியிலிருந்து வெளிவரை ஓடியிருக்கும். அந்த ஓடை ஒரே பக்கத்தில் இருந்தால் குழாய் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது முட்டை வடிவத்துக்குப் போயிருக்கிறது. சுற்றிலும் சமமாகக் கறுத்திருந்தால் அளவே லூசு. ஓடை நேராக ஸ்லாட்டில் போய் முடிந்தால், அது இன்னொரு கதை.

அந்த ஸ்லாட் கதையைப் பல பட்டறைகளில் கவனிப்பதே இல்லை. சைலன்சர் வாயில் நீளவாக்கில் இரண்டோ நான்கோ வெட்டு இருக்கும். கிளாம்ப்பை இறுக்கினால் வாய் சுருங்கிப் பிடிப்பதற்காக. உள்ளே போகிற குழாய் அந்த வெட்டு முடிகிற இடத்தையும் தாண்டி இன்னும் ஒரு 10 மி.மீ. ஆவது போயிருக்க வேண்டும். வெட்டு 30 மி.மீ. நீளம், குழாய் 25 மி.மீ. தான் உள்ளே போயிருக்கிறது என்றால், மிச்சம் 5 மி.மீ. திறந்த ஜன்னல். அதன்மேல் எந்தப் பேஸ்ட்டைப் பூசினாலும் நிற்காது. பெண்ட் பைப்பை சைலன்சருக்குப் பக்கத்தில் வைத்து, எவ்வளவு உள்ளே போகும் என்று மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மாட்டி முடித்தபின் அந்தக் கோடு வாயோடு ஒட்டி நிற்க வேண்டும். ஸ்லிப்-ஆனின் பிராக்கெட் ஓட்டை ஃபுட்ரெஸ்ட் பக்கத்து போல்ட்டுக்கு எட்டவில்லை என்று சைலன்சரைப் பின்னால் இழுத்து மாட்டியிருந்தால் கோடு வெளியே தெரியும். உங்கள் வலது பக்கத்தில் இதுதான் நடந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு பக்கமும் ஒரே சைலன்சர், ஒரே குழாய், ஆனால் ஒன்று மட்டும் கசிகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது உள்ளே போன ஆழம்தான்.

அடுத்து வெர்னியர் காலிப்பர். பெண்ட் பைப்பின் வெளி விட்டம், சைலன்சர் வாயின் உள் விட்டம் இரண்டையும் மேல்-கீழாக ஒரு தடவை, இட-வலமாக ஒரு தடவை அளங்கள். இரண்டு திசையிலும் அளவு மாறினால் குழாய் நசுங்கியிருக்கிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் முன்பு யாரோ போட்ட யு-போல்ட் கிளாம்ப். கார் சைலன்சருக்குப் போடுவது அது. இரண்டு பக்கமும் கடித்துக் குழாயைப் பள்ளமாக்கிவிடும். லேத் பட்டறையில் கொடுத்தால் மாண்ட்ரல் என்கிற உருளையை உள்ளே அடித்து வட்டமாக்கித் தருவார்கள்.

விட்டத்தின் வித்தியாசத்தைப் பொறுத்து என் கணக்கு இது: கால் மி.மீ. வரை இருந்தால் நல்ல ஃபிட்டிங், பேஸ்ட்கூடத் தேவைப்படாமல் போகலாம். அரை மி.மீ. வரை பேஸ்ட்டும் கிளாம்ப்பும் சமாளிக்கும். அதற்கு மேல் 1 மி.மீ. பக்கம் போனால் உலோகத் தகடு வேண்டும். 2 மி.மீ. தாண்டினால் கிராஃபைட் ஸ்லீவ் அல்லது லேத்தில் கடைந்த புஷ் வளையம். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று விற்கிற சைலன்சர்கள் பெரும்பாலும் 51 மி.மீ. வாயோடு வந்து, கூடவே ஒரு ரிடியூசர் (வாயைச் சிறிதாக்கும் வளையம்) தருவார்கள். அந்த ரிடியூசர் வழவழவென்று இரண்டு பக்கமும் லூசாக இருக்கும். கசிய இரண்டு இடம் ஆகிவிட்டது.

முதலில் ஸ்லீவைப் பற்றி. கம்பி வலையில் கிராஃபைட்டை அழுத்திச் செய்த வளையம் அது, பென்சில் கரி மாதிரி கையெல்லாம் கறுக்கும். கம்பெனி வண்டிகள் பலவற்றில் ஸ்லிப் ஜாயின்ட்டுக்குள் இதுதான் இருக்கும். கிளாம்ப் இறுகும்போது நசுங்கி, இரண்டு குழாயின் மேடுபள்ளத்துக்குள்ளும் போய் நிறையும். ஒரு தடவை நசுங்கினது நசுங்கினதுதான், மறுபடி எழும்பாது. ஸ்லிப்-ஆன் மாட்டினபோது ஸ்டாக் ஸ்லீவ் பழைய சைலன்சரோடே போய்விட்டதா, பெண்ட் பைப்பில் பாதி உடைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். சென்னை என்றால் ஜி.பி. ரோட்டில் உள் விட்டம், வெளி விட்டம், நீளம் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். வண்டிப் பெயரை மட்டும் சொன்னால் தவறான அளவு வர வாய்ப்புண்டு. ஸ்லீவை முதலில் சைலன்சர் வாயில் வைத்து, பிறகு பைப்பை லேசாகத் திருகிக்கொண்டே நுழையுங்கள். சுத்தியல் எடுக்காதீர்கள், நுனி உதிர்ந்துவிடும். நுழையவில்லை என்றால் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு. ஸ்லீவ் இருக்கிற ஜாயின்ட்டுக்குப் பேஸ்ட் வேண்டவே வேண்டாம்.

தகட்டைப் பற்றிச் சொல்ல என் பழைய யெஸ்டிக்குப் போக வேண்டும். அதுவும் இரட்டைச் சைலன்சர். கொல்லிமலைக்குக் கிளம்புகிற முந்தைய ராத்திரி ஒரு பக்க ஜாயின்ட் ஊதுகிறது என்று, வீட்டுக் குழாய் ஒழுகலை அடைக்கிற எபாக்ஸியைப் பிசைந்து சுற்றி அப்பினேன். காய்ந்ததும் தட்டிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது, ஒரே பெருமை. காரவள்ளி தாண்டி எழுபது கொண்டை ஊசி வளைவில் பாதிகூட ஏறவில்லை, கருகின நாற்றம். எபாக்ஸி பொரித்த அப்பளமாகப் பொங்கி ரோட்டில் விழுந்துகொண்டே வந்தது. மேலே செம்மேட்டில் ஒரு பஞ்சர் கடை. கடைப் பெரியவர் குனிந்து பார்த்தார். "சந்து இருக்குற இடத்துல பசைய வெச்சா காத்து தள்ளிட்டுப் போயிரும் தம்பி. அங்க இரும்ப வையி" என்றார். இரும்பு இல்லை. குப்பையில் கிடந்த கூல்டிரிங்க்ஸ் டின்னை எடுத்து, மேலும் கீழும் வெட்டிப் போட்டுவிட்டு, நடுத்தகட்டை இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கினார். பைப்பில் சுற்றி, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சரியாக முட்டுகிற மாதிரி வெட்டி, அதன்மேல் இன்னொரு சுற்று. இந்தச் சுற்றின் முட்டு முதல் சுற்றின் முட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம். பிறகு சைலன்சரைத் தள்ளி கிளாம்ப்பை இறுக்கினார். ஊதுவது நின்றுவிட்டது. டீக்காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

அவர் செய்ததில் இரண்டு நுணுக்கம். முனை மேல் முனை ஏறினால் அங்கே ஒரு படி விழும், படியின் ஓரமாகவே புகை வெளியேறும். சுற்றுகளின் முட்டு ஒரே கோட்டில் வந்தாலும் அதே கதி. இவற்றோடு நான் சேர்த்துக்கொண்டது, தகட்டின் முட்டு சைலன்சரின் ஸ்லாட்டுக்கு நேராக வரக்கூடாது. டின் தகடு அலுமினியம், ஏறக்குறைய 0.1 மி.மீ. தான் இருக்கும். அவசரத்துக்குச் சரி. அடுத்த வருஷம் கழற்றியபோது அது சல்லடையாகியிருந்தது. நிரந்தரமாக வேண்டும் என்றால் 0.2 அல்லது 0.3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஷிம் தகடு வாங்கி இதே முறையில் சுற்றுங்கள்.

கிளாம்ப் பட்டையானதாக இருக்க வேண்டும், ஸ்லாட்டுகளின் மேல் உட்கார வேண்டும். ரேடியேட்டர் ஹோசுக்குப் போடுகிற திருகுப் பட்டை இந்தச் சூட்டில் தளர்ந்துவிடும். இறுக்கியபின் ஸ்லாட்டைப் பாருங்கள். வெட்டின் இரண்டு ஓரமும் முழுக்க ஒட்டிக்கொண்டு, அப்போதும் பைப் கையால் சுற்ற வந்தால், இனி எவ்வளவு முறுக்கினாலும் போல்ட் அறுமே தவிரப் பிடிக்காது. தகடு போதவில்லை என்று அர்த்தம். டார்க் அளவு (எவ்வளவு இறுக்க வேண்டும் என்கிற கணக்கு) உங்கள் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கிளாம்ப் போல்ட்டின் மரையில் காப்பர் ஆன்ட்டி-சீஸ் கொஞ்சம் தடவினால் அடுத்த தடவை ஸ்பேனரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இப்போது பேஸ்ட். கிளாம்ப் போட்டு அதிகம் அசையாமல் பிடிக்கிற ஜாயின்ட் என்றால், சோடியம் சிலிகேட் அடிப்படையில் வருகிற எக்சாஸ்ட் பேஸ்ட்தான் என் தேர்வு. பல் விளக்கும் பேஸ்ட் மாதிரி இருக்கும், சூட்டில் காய்ந்து பீங்கான் மாதிரி ஆகும், வெப்பத்தைப் பற்றிக் கவலையே இல்லை. குறை, அசைந்தால் விரிசல் விடும். ஸ்பிரிங் மாட்டுகிற ஜாயின்ட் ஆடிக்கொண்டே இருக்கும், அதற்கு இது ஆகாது. அங்கே செம்பு நிறச் சிலிகானை மெல்லிய படலமாகத் தடவுங்கள், அது கொஞ்சம் வளைந்துகொடுக்கும். இரண்டில் எதுவானாலும் உள்குழாயின் வெளிப்பக்கம் மட்டும் தடவுங்கள், நுனியிலிருந்து 5 மி.மீ. விட்டு. சைலன்சர் வாய்க்குள் தடவினால் குழாய் போகும்போது வழித்துக்கொண்டுபோய் உள்ளே கட்டியாகச் சேர்த்துவிடும். ஜாயின்ட்டின் வெளியே மாலை கட்டின மாதிரி அப்புவது கண்ணுக்குத்தான் திருப்தி. உள்ளிருந்து வருகிற அழுத்தம் அதைத் தள்ளத்தான் செய்யும்.

தடவுமுன் பழைய சிலிகான், கரி, துரு எல்லாவற்றையும் 120 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து எடுத்து, தின்னரில் துடையுங்கள். பெட்ரோலில் துடைத்தால் எண்ணெய்ப் பசை மிஞ்சும். சிலிகான் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துத்தான் காய்கிறது, ஜாயின்ட்டுக்குள் காற்றே கிடையாது. அதனால் 24 மணி நேரம் வண்டியைத் தொடாதீர்கள். "அரை மணியில எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்ததுதான் உங்கள் இரண்டு வாரக் கணக்குக்குப் பாதிக் காரணமாக இருக்கும். சிலிகேட் பேஸ்ட்டுக்கு முறை வேறு. பத்து நிமிஷம் ஐடிலில் விட்டு, அணைத்து, முழுக்க ஆறவிட்டு, பிறகு ஓட்டலாம். எடுத்த எடுப்பில் முறுக்கினால் உள்ளே இருக்கிற ஈரம் கொதித்துப் பேஸ்ட் குமிழ் குமிழாக வெடிக்கும்.

பிஎஸ்6 வண்டிக்காரர்களுக்கு ஒன்று. வினிகர் நெடியடிக்கிற சாதா சிலிகானிலிருந்து வருகிற ஆவி, புகையை அளக்கிற ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும். டியூபில் சென்சார் சேஃப் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சென்சார் பெண்ட் பைப்பில், ஜாயின்ட்டுக்கு முன்னாலேயே இருக்கிறதால் உங்களுக்கு அபாயம் குறைவு. ஆனால் இதே டியூபைக் கொண்டுபோய் ஹெட் பக்கம் தடவிவிடாதீர்கள். ஹெட்டுக்கும் சென்சாருக்கும் நடுவில் கசிந்தால் வெளிக்காற்று சென்சாரை ஏமாற்றி, பெட்ரோல் போதவில்லை என்று ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடுதலாக ஊற்றத் தொடங்கும்.

அஸ்பெஸ்டாஸ் கயிற்றைச் சுற்றுகிற பழக்கம் பழைய பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அடைக்கும், மறுக்கவில்லை. அதன் தூசி நுரையீரலில் புற்றுநோய் கொண்டுவரும், பழசைச் சுரண்டுகிற பையன்தான் அதை முகர்கிறான். கண்ணாடி இழைக் கயிறு அதே வேலையைச் செய்யும்.

மாட்டும் வரிசையைத் தவறவிட்டால் இவ்வளவும் வீண். எல்லா போல்ட்டையும் கையால் லூசாக மாட்டுங்கள். முதலில் ஹெட் நட்டுகளை இறுக்குங்கள். பிறகு சைலன்சர் பிராக்கெட். போல்ட் ஓட்டைக்குள் விரலால் தள்ளினாலே போக வேண்டும். சைலன்சரைத் தொடையால் முட்டுக்கொடுத்துத் தூக்கிப் போல்ட்டை நுழைக்க வேண்டியிருந்தால் குழாய் கோணலாக இருக்கிறது, அந்தக் கோணல் முழுவதும் ஜாயின்ட்டின் தலையில்தான் விழும். பிராக்கெட்டுக்கு ஒரு வாஷர் வைத்துச் சரிசெய்யுங்கள். கிளாம்ப் கடைசி. குழாய் தன் இடத்தைத் தானே தேடி உட்கார்ந்தபின் அதைப் பிடித்து நிறுத்துவதுதான் கிளாம்ப்பின் வேலை. முன்னாலேயே இறுக்கிவிட்டால் பிராக்கெட்டோடு இழுபறி நடக்கும்.

கசிவோடு ஓட்டினால் பவர் போய்விடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த இடத்துக் கசிவால் நீங்கள் உணர்கிற அளவுக்குப் போகாது. சத்தம் கூடும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் சத்தத்துக்கும் புகைக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் இருப்பதால் அதுவும் சின்ன விஷயமல்ல. மூடின ஷெட்டுக்குள் ஸ்டார்ட் செய்து சோதிக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வேலை முடிந்து முதல் 50 கிலோமீட்டர் ஓடியபின், வண்டி முழுக்க ஆறினதும் கிளாம்ப்பை ஒரு தடவை பாருங்கள். ஸ்லீவ் போட்டிருந்தால் நிச்சயம் கால் சுற்றாவது இறுகும். அளந்த நான்கு எண்களையும், குழாய் உள்ளே போகிற ஆழத்தையும் எழுதுங்கள், இடது பக்கத்துடையதையும் சேர்த்து. பார்த்துவிட்டுத் தகடா ஸ்லீவா என்று சொல்கிறேன்.